கம்பம் எதனால் செய்தது என்று கேளும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பெயர் போட வேண்டாம் என்றீர், போடவில்லை. ஊர் கொக்குவில் பக்கம், இப்ப இருப்பது ஸ்காபரோ, வேலையிடத்துச் சிநேகிதி இழுத்த இழுப்பில் போல் ஃபிட்னஸ் (கம்பப் பயிற்சி) வகுப்பு ஒன்றுக்குக் காசும் கட்டியாயிற்று. வாசகர்களுக்கு இவ்வளவும் போதும். காசு கட்டும் வரைக்கும் இல்லாத பயம், "குட்டைக் காற்சட்டையும் கையில்லாத மேற்சட்டையும் போட்டுக்கொண்டு வரவும்" என்று அவர்கள் அனுப்பிய தகவலைப் பார்த்த பிறகு வந்துவிட்டது. லெகின்ஸோடு போனால் என்ன, முழுக்கைச் சட்டை போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர். கடைசியில், "ரீச்சர், ஊரில இருந்து வாசிக்கிற நீங்கள் என்ன நினைப்பீங்களோ தெரியேல்லை" என்று ஒரு வரி.

நான் நினைப்பதைப் பிறகு சொல்லுறன். முதலில் உமது கேள்விக்கு மறுமொழி: முதல் வகுப்புக்கு லெகின்ஸோடு போகலாம். முழங்காலுக்கு மேலே சுருட்டி விடக்கூடியதாக இருந்தால் நல்லது. ஆனால் இரண்டு மூன்று வகுப்புக்குப் பிறகு நீராகவே காற்சட்டை தேடுவீர். அந்த ஆசையை ஒருவரும் உமக்கு ஊட்டத் தேவையில்லை, கம்பமே ஊட்டிவிடும்.

வாழ்நாளெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு உடற்கல்வி படிப்பித்தவள் நான். இல்ல விளையாட்டுப் போட்டி வரும் ஒவ்வொரு தைமாதமும் பாவாடை எவ்வளவு நீளம், காற்சட்டைக்கு மேலே என்ன போடுவது என்ற வழக்குகளைத் தீர்த்துத் தீர்த்தே எனக்கு நரைத்தது. ரொறன்ரோவுக்குப் போனபோது என் பெறாமகள் தன்னுடைய கம்பப் பயிற்சியைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரோரம் ஒரு வாங்கில் குந்தியிருந்து பார்த்தேன். பிள்ளைகளின் உடுப்பை விட்டுவிட்டு அவர்களுடைய உடம்பு எந்த இடத்தில் கம்பத்தைத் தொடுகிறது என்று பார்ப்பதுதான் எனக்குத் தொழிலால் வந்த பழக்கம். நீரும் அப்படிப் பார்த்தால் உடுப்புக் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

ஏறுவதை எடுத்துக்கொள்ளும். ஒரு காலின் மேற்பாதத்தைக் கம்பத்தின் பின்னால் கொளுவி, கீழ்க்காலின் முன்பக்கத்தைக் கம்பத்தில் சாத்துவார்கள். மற்றக் காலைப் பின்னாலிருந்து கொண்டுவந்து இரண்டு முழங்காலாலும் கம்பத்தை நெரித்துக்கொண்டு கையை மேலே நகர்த்துவார்கள். இதற்கு முழங்காலின் உட்பக்கமும் கணைக்காலும் வெறுமையாக இருந்தால் போதும். சுருட்டிய லெகின்ஸ் தாராளம். அடுத்த பாடம் இருக்கை. ஏறிய இடத்தில் தொடைகளைக் குறுக்காகப் போட்டு இறுக்கி, கையை விட்டுவிட்டு அந்தரத்தில் இருப்பது. அங்கே முழுப் பாரமும் தொடையின் உட்பக்கத்து மெல்லிய தோலில்தான் தங்குகிறது. என் பெறாமகளோடு படித்த ஒரு பிள்ளை அன்றைக்கு முழங்கால் வரைக்கும் நீண்ட லெகின்ஸோடு வந்திருந்தது. நல்ல தெம்பான பிள்ளை, கைப்பலமும் இருந்தது. இருக்கைக்குப் போய்க் கையை விட்டதுதான் தாமதம், வழுவழுவென்று நிலத்துக்கு வந்து சேர்ந்தது. திரும்ப ஏறி, திரும்பவும் வழுக்கியது. படிப்பித்த பெண் பேசாமல் தன் பையில் இருந்து காற்சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மாற்றிக்கொண்டு வந்து இருந்த பிள்ளை இருந்த இடத்திலேயே நின்றது. "ஐயோ நோகுது" என்று கத்தியது வேறு கதை. நோகத்தான் செய்யும், தோல் பழக வேணும்.

குட்டை உடுப்பின் காரணம் அவ்வளவுதான். நைலோனும் ஸ்பான்டெக்ஸும் கலந்த துணி, மினுக்கிய உலோகத்தில் நிற்காது. தோல் நிற்கும். பிறகு தலைகீழாகத் தொங்கப் பழக்கும்போது இடுப்பின் பக்கவாட்டும் கமக்கட்டும் முழங்கையின் உள்மடிப்பும் வேலைக்கு வரும். கையில்லாச் சட்டையும், இன்னும் கொஞ்சம் போனால் ஸ்போர்ட்ஸ் ப்ராவும் அதற்குத்தான். பாடம் எங்கே போகிறதோ அதற்கேற்றபடி துணியும் குறையும், முதல் நாளே எல்லாவற்றையும் குறைக்க வேண்டியதில்லை.

இதில் பெரிய விஷயம் என்னவென்றால், எல்லாக் கம்பத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. கம்பம் மாறினால் உடுப்பும் மாறும். சீனத்து சேர்க்கஸ் கம்பத்தைப் பாரும். அதற்கு ரப்பர் சுற்றியிருக்கும். வெறுந்தோலோடு அதில் சறுக்கினால் தோல் உரிந்துவிடும் என்பதால் அவர்கள் நீளக் காற்சட்டையும் கைநீளச் சட்டையும் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்கள். சிலிக்கோன் பூசிய கம்பம் என்று இப்ப ஒன்று விற்கிறார்கள், அதிலும் துணியோடுதான் பிடி. இந்தியாவில் மல்லர் கம்பம் மரத்தில் செய்தது. மேலே போகப்போகச் சிறுத்து உச்சியில் குமிழ் வைத்திருக்கும், ஆமணக்கெண்ணெய் தடவுவார்கள். ஆண்பிள்ளைகள் வெறும் மேலோடு இறுக்கமான சிறு காற்சட்டையில் ஏறுவார்கள். பெண்பிள்ளைகள் நெடுங்காலமாகக் கயிற்றில் ஏறுகிறார்கள், இப்ப மரத்திலும் ஏறுகிறார்கள், உடம்போடு ஒட்டிய உடுப்பில். மராட்டியத்தில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவதர் என்ற உடற்பயிற்சி ஆசான் வளர்த்தெடுத்த கலை அது. தமிழ்நாட்டில் விழுப்புரம் அதற்குப் பேர்போன ஊர். அங்கே உலகதுரை என்ற ஆசிரியர் பிள்ளைகளைக் கம்பத்தில் ஏற்றிப் பழக்கியதால்தான் இன்றைக்குத் தமிழ்நாட்டில் பல இடங்களில் அந்தக் கம்பம் நிற்கிறது. 2019இல் மும்பாய் சிவாஜி பார்க்கில் அதற்கு முதலாவது உலகப் போட்டியே நடந்தது. விழுப்புரத்துப் பிள்ளை கம்பத்தில் தலைகீழாக நிற்கும் படத்தை உமது அம்மாவுக்குக் காட்டினால், "பாவம், பிள்ளை விழுந்திடப் போகுது" என்பாவே தவிர உடுப்பைப் பார்க்க மாட்டா.

எங்கட ஊரிலேயே பாருமன். பனை ஏறிய மனிசன் எதைக் கட்டிக்கொண்டு ஏறினான்? சாரத்தைத் தொடைக்கு மேலே மடித்து இறுக்கி, காலில் தளைநார், இடுப்பில் கத்தியும் முட்டியும். பனை சொரசொரத்த மரம், கட்டிப்பிடித்து ஏறி ஏறி நெஞ்சும் முன்கையும் காய்த்துப் போயிருக்கும். கீழே தொங்கும் துணி காலுக்குள் சிக்கினால் உயிர் போய்விடும். அதனால் அவன் உடுப்பு அப்படி. சித்திரை வருடப்பிறப்புக்கு வழுக்குமரம் நடுகிறார்கள். கிறீஸ் பூசிய அந்த மரத்தில் ஒருவன் தோளில் ஒருவன் ஏறி உச்சிக்குப் போகும் பெடியள் என்ன, வேட்டி கட்டிக்கொண்டா ஏறுகிறார்கள்?

ஆம்பிளைகளின் கதை எதற்கு என்று நீர் கேட்பீர். சரி, கிணற்றடிக்கு வாரும். உமது அம்மாவும் அம்மம்மாவும் துலாக் கிணற்றில் குறுக்குக்கட்டோடு குளித்த ஆக்கள்தானே? தோளும் முதுகும் கணைக்காலும் தெரிய, வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கேட்கக் கேட்க, பாவாடையை நெஞ்சுக்கு மேலே கட்டித் துலாவை இழுத்து வாளி வாளியாக ஊற்றுவார்கள். அதை ஒருத்தரும் குறைவாகக் கதைத்ததில்லை, குளிக்க அதுதான் உடுப்பு. அம்மாவோடு கதைக்க நேர்ந்தால் குறுக்குக்கட்டில் இருந்து தொடங்கும். கதைக்காமல் விடுவதும் உமது இஷ்டம். முப்பத்தைந்து வயதுப் பெண் தான் எந்த வகுப்புக்குப் போகிறாள் என்று வீட்டுக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். காற்சட்டைக்கு மேலே ட்ராக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டால் வெளிக்கிட்டுப் போம், கனடாக் குளிருக்கு அது எப்படியும் வேணும்.

எங்கட ஊரின் உடுப்புக் கண்ணியத்தைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்கட தாத்தாமார் காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது என்று தடுத்து வைத்திருந்த ஊர் இது. பனை ஏறியவனின் பெண்சாதி தோளை மூடினால் அடி விழுந்தது. எழுத்தாளர் டானியலின் நாவல்களை வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. மூடினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம், யார் மூடுகிறாள் யார் திறக்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் நீதி. அப்படிப்பட்ட ஊர் என்ன நினைக்கும் என்று ஸ்காபரோவில் இருந்துகொண்டு நீர் கவலைப்படுகிறீர்.

அதே ஊர் பெருமைப்படவும் தெரிந்தது என்பதையும் எழுதத்தான் வேணும். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையைத் திரும்பத் திரும்ப உடைத்தபோது, அவர் தடிக்கு மேலால் பறக்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. குட்டைக் காற்சட்டைதான். கடையில், கோயில் வீதியில், பஸ்ஸில் எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கதைத்தார்கள். உடுப்பைப் பற்றி ஒரு சொல் என் காதில் விழவில்லை.

உமது சந்தேகத்தில் நியாயமான பங்கும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இந்தக் கம்பம் வந்த வழி இரவு விடுதிகள்தான். அங்கே ஆடிய பெண்களின் உடம்பில்தான் கன பேர் இன்றைக்குப் படிக்கும் பிடிகள் உருவாகின. 1990களில் அதை விடுதிக்கு வெளியே கொண்டுவந்து சாதாரணப் பெண்களுக்குப் படிப்பித்த முதல் ஆக்களில் ஒருத்தி ஃபோனியா மொண்டே என்ற கனடாக்காரி, நீர் இருக்கும் நாட்டுக்காரி. 2009இல் சர்வதேச சம்மேளனம் ஒன்று அமைந்து, 45 மில்லிமீற்றர் தடிப்புக் கம்பம், புள்ளி விதிகள், உடுப்பு விதிகள் எல்லாம் எழுதினார்கள். 2017இல் உலக விளையாட்டுச் சம்மேளனங்களின் பொதுச்சங்கம் அதைப் பார்வையாளர் நிலையில் சேர்த்துக்கொண்டது. சில வகுப்புகளில் உயரக் குதிச்சப்பாத்துப் போட்டு ஆடப் பழக்குகிறார்கள். அது விடுதிக் காலத்து வழக்கம், அதை அவர்கள் ஒளிப்பதும் இல்லை. உமக்கு விருப்பமில்லாவிட்டால் வெறுங்காலோடு நில்லும். தொடங்குபவர்களுக்கு வெறுங்கால்தான் நல்லது. பதிந்த வகுப்பு உடற்பயிற்சி வகுப்பா ஆட்ட வகுப்பா என்று மாத்திரம் கேட்டு வையும்.

பார்ப்பவனுக்காகக் குறைக்கிற உடுப்பு எது என்றும் உலகத்துக்குத் தெரியும். 2021 யூலையில் பல்கேரியாவில் நடந்த கடற்கரைக் கைப்பந்துப் போட்டியில், நோர்வேப் பெண்கள் பிக்கினி போடமாட்டோம் என்று காற்சட்டையோடு இறங்கினார்கள். ஐரோப்பியச் சம்மேளனம் 1500 யூரோ தண்டம் அடித்தது. அதே போட்டியில் ஆண்கள் காற்சட்டையோடு ஓடினார்கள், மணல் ஒன்றுதான். உலகம் காறித் துப்பின பிறகு அதே வருடம் சர்வதேசக் கைப்பந்துச் சம்மேளனம் விதியை மாற்றியது. அந்தக் கிழமைகளிலேயே ரோக்கியோ ஒலிம்பிக்கில் ஜேர்மனியின் ஜிம்னாஸ்டிக் பெண்கள் கணுக்கால் வரைக்கும் மூடிய உடுப்பில் வந்து ஆடினார்கள். புள்ளி ஒன்றும் குறையவில்லை, அந்த விளையாட்டுக்குத் தொடைத்தோல் தேவையில்லை. உமது படிப்பிப்பவள் எந்த உடுப்பைக் கேட்டாலும் நீர் ஒன்றைக் கேட்கலாம்: எந்தப் பிடிக்கு இந்த இடம் தெரிய வேணும்? பிடியைச் சொன்னால் போடும். "வடிவாய் இருக்கும்" என்றால் யோசியும்.

இனி வாங்கும் கதை. ஓடுவதற்கு விற்கும் தொளதொளத்த காற்சட்டை வேண்டாம், காலைத் தூக்கினால் எல்லாம் தெரியும், உமது கூச்சத்துக்கு அதுதான் முதல் எதிரி. தொடையோடு ஒட்டி, இடுப்புக்கு மேலே வரை ஏறுகிற, பின்பக்கத்தை முழுக்க மூடுகிற காற்சட்டை எடும். கால் நீளம் தொடையின் மேல்பாதியில் நிற்க வேணும். கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடிக்கு முன்னால் சும்மா நில்லாதேயும். குந்தும், ஒரு காலை வாங்கில் தூக்கி வையும், குனியும். அசைந்து இடம் மாறாவிட்டால் வாங்கலாம். சிப், பொத்தான், உலோக வளையம் உள்ள எதுவும் ஆகாது, கம்பத்தைக் கீறும், தோலையும் கீறும். கறுப்பு நல்லது, வேர்வையும் தெரியாது, மாதத்தில் அந்த நாட்களிலும் மனம் அமைதியாய் இருக்கும். மேற்சட்டை தொளதொளவென்று இருந்தால் தலைகீழாகப் போகும்போது முகத்தை மூடிவிடும். இறுக்கமான கையில்லாச் சட்டையைக் காற்சட்டைக்குள் சொருகிவிடும். வயிற்றில் பிள்ளைப்பேற்று வரிகள் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர். அந்த அறையில் எல்லாரும் தங்கள் தங்கள் தொடை நோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள், உமது வயிற்றைப் பார்க்க ஒருத்திக்கும் நேரம் இருக்காது. இருந்தாலும் சட்டையை எந்த நாளும் கழற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதுவும் சரி. சில பிடிகள் வராது, அவ்வளவுதான். தொடைப் பகுதியில் ஒட்டும் பூச்சு வைத்துத் தைத்த லெகின்ஸ் என்றும் இப்ப வருகிறது. விலை கூட, வெறுந்தோல் அளவுக்குப் பிடிக்காது என்கிறார்கள், ஆனால் மூடிக்கொண்டு பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி.

உடுப்பைவிடப் பெரிய விஷயம் எண்ணெய். யாழ்ப்பாணத்து உடம்புக்கு எண்ணெய் இல்லாமல் முடியாது, எனக்குத் தெரியும். வகுப்பு நாளில் தேங்காயெண்ணெயும் வேண்டாம், லோஷனும் வேண்டாம், முதல்நாள் எண்ணெய் முழுக்கும் வேண்டாம். கனடாக் குளிரில் தோல் வெடிக்கும், கை தானாகவே லோஷன் போத்தலுக்குப் போகும். வகுப்பு முடிந்து குளித்த பிறகு ஆசைதீரப் பூசும். உமது உடம்பில் உள்ள எண்ணெய் உமக்குப் பின்னால் அந்தக் கம்பத்தில் ஏறும் பிள்ளையையும் விழுத்தும். கை வேர்த்தால் அதற்கென்று லிக்விட் சோக் விற்கிறார்கள், வகுப்பிலேயே வைத்திருப்பார்கள். கம்பம் குரோமா, பித்தளையா, ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலா என்றும் கேட்டு வையும். வேர்க்கிற கைக்குப் பித்தளை கொஞ்சம் கூடப் பிடிக்கும். நிக்கல் பட்டால் கடிக்கிற தோல் என்றால் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் நல்லது.

முதல் மாதம் தொடையிலும் கணைக்காலிலும் நீலம் பாயும். அம்மா கண்டால் மருமகனைத்தான் சந்தேகிப்பா, அந்தாளுக்கு முன்கூட்டியே சொல்லி வையும்.

அன்புடன்,
உமது ரீச்சர்
யாழ்ப்பாணம்

பி.கு.: நகைகளைப் பற்றி நீர் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். மோதிரம், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையும். மோதிரம் கம்பத்தைக் கீறுவதோடு விரலையும் நெரிக்கும். தாலிக்கொடி விஷயத்தில் வீட்டில் கதை வரும் என்று நினைக்கிறேன். எங்கட ஊர்த் தாலிக்கொடி பவுண் கணக்கில் கனக்கிற சாமான், தலைகீழாகத் தொங்கும்போது நாடியில் வந்து அடிக்கும், கழுத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் சிக்கினால் ஆபத்து. சட்டைக்குள் விட்டு ஊசி குத்தலாமா என்றால், ஊசி அதைவிட ஆபத்து. வகுப்பு நேரத்துக்கு மட்டும் கழற்றி வையும். சத்திரசிகிச்சைக்குப் போனால் கழற்றத்தானே செய்கிறோம்? உடுப்பு மாற்றும் அறையில் மாத்திரம் வைத்துவிட்டுப் போகாதேயும், வீட்டு அலுமாரியில் பூட்டிவிட்டுப் போம்.